பஞ்சக் கூலி முதல் சத்துணவு முட்டை வரை: சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அரசு செலவும் வறுமையும்

அரசாங்கம் பணம் செலவு செய்தால் வறுமை குறையுமா? வேலையில்லாதவர்களுக்கு வேலை கிடைக்குமா? பட்ஜெட் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். "எல்லாம் ஓட்டுக்காகக் கொடுக்கும் இலவசம்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். "ஏழைக்குக் கொடுப்பது எப்படி வீண் ஆகும்?" என்று மறு சாரார் கேட்பார்கள். இரண்டு பேரும் செலவுத் தொகையைத்தான் பேசுகிறார்கள். அந்த ரூபாய் யார் கைக்குப் போகிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறது என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் வறுமை குறைவதும் குறையாததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் 150 ஆண்டு வரலாறு இதற்கு நல்ல உதாரணம்.

வறண்ட பூமி

நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முன்பு அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அதனால் நாமக்கல்லின் பழைய கதையைச் சேலத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

மேற்கே காவிரி, கிழக்கே கொல்லிமலை. ஆற்றை ஒட்டிய பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் வாழை, வெற்றிலை, கரும்பு என்று பசுமையாக இருக்கும். ஆற்றை விட்டுத் தள்ளிப் போனால் சோளம், நிலக்கடலை விளையும் மானாவாரிக் காடுகள். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழைதான். மழை பொய்த்தால் விளைச்சல் மட்டுமல்ல, கூலி வேலையும் சேர்ந்தே போய்விடும். இந்த ஊர்களில் வறுமையும் வேலையின்மையும் வேறு வேறல்ல.

தாது வருஷப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை மக்கள் "தாது வருஷப் பஞ்சம்" என்றார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 16 லட்சம் பேர்தான். பத்தாண்டில் கூட வேண்டிய மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

அப்போது அரசு கையை முழுவதும் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ரோடு போடுவது, மண் வெட்டுவது என்று பஞ்ச நிவாரண வேலைகளைத் தொடங்கியது. ஆனால் செலவு கூடுகிறது என்று மேலிடம் கவலைப்பட்டது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1873-74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துத் தாராளமாகச் செலவு செய்தவர். அங்கே சாவு மிகக் குறைவு. ஆனாலும் "பணத்தை வாரி இறைத்துவிட்டார்" என்று அவரைத் திட்டினார்கள். அந்தத் திட்டு அவர் மனதில் நின்றுவிட்டது போலும். சென்னை மாகாணத்துக்கு வந்ததும் ஆண் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா என்று குறைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு.

வெயிலில் கல் உடைப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியம் எப்படிப் போதும்? மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பு, காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு என்று ஓரளவு இறங்கி வந்தது. இதற்குள் பலருடைய உடல் தேறாத நிலைக்குப் போயிருந்தது.

அரசு செலவு செய்தது, வேலையும் கொடுத்தது. ஆனால் அந்த வேலைக்குக் கொடுத்த கூலி ஓர் உயிரைக் காப்பாற்றப் போதவில்லை. கஜானாவில் மிச்சமான பணத்தின் விலையை 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பார்க்கலாம்.

அணையும் ஆலையும்

பஞ்சத்துக்குப் பிறகு பாசனத்தின் அருமை அரசுக்குப் புரிந்தது. மேட்டூர் அணைப் பணிகள் 1925ல் தொடங்கின. 1934 ஆகஸ்ட் 21ஆம் தேதி அணை திறக்கப்பட்டது. செலவு சுமார் 4 கோடியே 80 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. அணை இருப்பது சேலம் மாவட்டத்தில். நீர் தேங்கியதில் மூழ்கியவையும் இந்தப் பக்கத்துக் கிராமங்கள்தான். ஆனால் தண்ணீர் போனது தஞ்சை டெல்டாவுக்கு. அதனால் மாகாணத்துக்கே சோறு கிடைத்தது, அதை மறுக்க முடியாது. அணையைச் சுற்றியிருந்த சேலம், ஈரோடு, நாமக்கல் பகுதிகளுக்குக் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் வந்தது 1950களில்தான். அவற்றில் பாசனம் பெறுவது 45,000 ஏக்கர். டெல்டாவோடு ஒப்பிட்டால் இது சிறு துண்டு.

அடுத்த பெரிய கனவு சேலம் உருக்காலை. 1970 செப்டம்பர் 16ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். இது மத்திய அரசின் பணம் என்றாலும் மாநிலம் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற திட்டம். கஞ்சமலையின் இரும்புத் தாதுவை வைத்துப் பெரிய ஆலை வரும், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்று மக்கள் நம்பினார்கள். சுமார் 4,000 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. அடிக்கல் நாட்டி பதினோரு ஆண்டுகள் கழித்து, 1981ல் உற்பத்தி தொடங்கியபோது வந்தது, வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளைத் தகடாக உருட்டும் பிரிவு மட்டுமே. இரும்பு உருக்கும் பிரிவு வர 2010 ஆகிவிட்டது. அதற்கும் கஞ்சமலைத் தாதுவுக்கும் சம்பந்தமில்லை.

ஆலை தரமான துருப்பிடிக்காத எஃகைத் தந்தது, பெயரும் வாங்கியது. நேரடி வேலை பெற்றவர்களோ சில ஆயிரம் பேர்தான். 2019ல் ஆலையைத் தனியாருக்கு விற்க அறிவிப்பு வந்தது. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். பின்னர் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

அணையும் ஆலையும் வீண் செலவு என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய கட்டுமானத்தில் போடும் பணத்தின் பெரும்பகுதி சிமெண்டுக்கும் இயந்திரத்துக்கும் போய்விடும். கட்டும்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இருக்கும், கட்டி முடிந்ததும் போய்விடும். பக்கத்து ஊர்க் கூலிக்காரர் வீட்டில் நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஒரு வேளைச் சோறு

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது வேறு வகைச் செலவு. 1920ல் நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகக் கூடாது என்பது நிபந்தனை. பஞ்சக் கூலியில் இருந்த அதே ஓர் அணா! ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொன்னதால் 1925ல் திட்டம் நின்றது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

1956ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கியது. அரசு மானியத்தோடு ஊர் மக்களின் நன்கொடையும் சேர்ந்து அது நடந்தது. பிறகு 1982 ஜூலை 1ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு. 1984ல் 15 வயது வரை. "இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்று பலர் கேட்டார்கள். வெறும் கவர்ச்சித் திட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. கடைசியில் 2001 நவம்பர் 28ஆம் தேதி, எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

இந்தத் திட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பணியிடங்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. ஓர் உருக்காலையில் சில ஆயிரம் வேலை. சத்துணவில் மாநிலம் முழுவதும் லட்சத்துக்கும் மேல் வேலை, அதுவும் அவரவர் ஊரிலேயே, பெண்களுக்கு. அந்த அம்மாக்கள் அந்தப் பணத்தை உள்ளூர் மளிகைக் கடையில்தான் செலவழித்தார்கள். பள்ளிக்குப் போன பிள்ளை மதியம் பசியோடு வீடு திரும்பாததால், காட்டு வேலைக்குப் போன தாயின் அரை நாள் கூலியும் மிச்சமானது.

நாமக்கல்லுக்கு வந்த முட்டை

1989ல் கருணாநிதி ஆட்சியில் சத்துணவில் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998ல் வாரம் ஒன்று. 2006ல் வாரம் இரண்டு. 2007ல் மூன்று. 2010ல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என வாரம் ஐந்து. பள்ளி ஆண்டை 40 வாரம் என்று வைத்துக்கொண்டால், 1989ல் ஒரு பிள்ளைக்கு 20 முட்டை, 2010க்குப் பிறகு 200 முட்டை. 50 லட்சம் பிள்ளைகள் சாப்பிட்டால் ஆண்டுக்கு 100 கோடி முட்டை!

இந்த முட்டைகளில் பெரும்பங்கு நாமக்கல்லிலிருந்து போகிறது. அதற்காக நாமக்கல் கோழிப் பண்ணைகளை அரசு உருவாக்கியது என்று சொல்லக் கூடாது. மானாவாரி விவசாயத்தில் நொந்துபோன குடும்பங்கள் 1970களிலேயே கோழி வளர்ப்பில் இறங்கிவிட்டன. கேரளச் சந்தை பக்கத்தில் இருந்தது. முட்டையை ஏற்றிச் செல்ல இந்த ஊர் லாரிகள் இருந்தன. இன்று நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் இடத்தில் சத்துணவு வாங்குவது ஒரு பகுதிதான்.

அப்படியானால் அரசு செலவு என்ன செய்தது? முட்டைத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் புரியும். கோழி சுமார் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 100 கிராமுக்கும் மேல் தீவனம் தின்னும். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் என்று தீவனத்துக்குத்தான் செலவில் பெரும்பங்கு. விலை இறங்கிவிட்டது என்று கோழிக்குத் தீவனத்தை நிறுத்த முடியாது, முட்டையையும் நாள்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது. ஒரு வாரம் விற்காவிட்டால் சிறிய பண்ணைக்காரர் கடன்காரர் ஆகிவிடுவார். இப்படிப்பட்ட தொழிலுக்கு, பள்ளி நடக்கும் நாளெல்லாம் தவறாமல் வாங்கும் ஒரு வாடிக்கையாளர் இருப்பது பெரிய பலம்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் நாமக்கல்லுக்கு வரவில்லை, பயம் வந்தது. முட்டை விலை சரிந்தது, ஏற்றுமதியும் அடிபட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் சத்துணவில் வாரத்துக்கு இரண்டாவது முட்டை வந்தது. 2020 மார்ச்சில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தியில் விலை விழுந்துகொண்டிருக்கும்போதே பள்ளிகளும் மூடப்பட்டன. நிலையான வாடிக்கையாளர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பண்ணையாளர்கள் அப்போது பார்த்தார்கள்.

அரசின் இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும். 1985ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. வரும் நாட்களில் வெயில் எப்படி இருக்கும், கோழிக்கு எந்த நேரத்தில் தீவனம் கொடுக்க வேண்டும், எந்த நோய்க்குக் கவனமாக இருக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி பண்ணையாளர்களுக்குத் தொடர்ந்து அறிவுரை சொல்லி வருகிறது. பேப்பரில் சின்னச் செய்தியாக வரும். ஆனால் ஒரு பண்ணையே அழியாமல் காக்கக் கூடிய செய்தி அது.

வேட்டியும் சேலையும்

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் கோழிக்குப் பதில் தறி. இங்கேயும் இதே கதைதான். 1983ல் பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டத்தை எம்.ஜி.ஆர். கொண்டு வந்தார். ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வேலை என்று ஒரே செலவில் இரண்டு நோக்கம். அரசு நூலைக் கொடுக்கும், கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நெய்து வாங்கும். பின்னாளில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் சேலையும் ஏறத்தாழ அதே அளவு வேட்டியும் நெய்யும் திட்டமாக அது வளர்ந்தது. ஈரோடு, திருச்செங்கோடு, சேலம் பகுதி விசைத்தறிகளுக்கு ஆண்டில் பல மாதங்கள் ஓட்டம் கிடைத்தது.

ஆனால் முட்டைக்கும் வேட்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளிக்கு முட்டை வாராவாரம் போக வேண்டும், பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், தள்ளிப்போட முடியாது. வேட்டி சேலை ஆண்டுக்கு ஒரு முறை. அரசாணை தாமதம், நூல் தாமதம் என்று ஏதாவது வந்தால் தறி நிற்கும். தறிக்காரர்கள் பலமுறை இதற்காகக் கோரிக்கை வைத்திருக்கிறார்கள். ஒரே வகைச் செலவு, ஒன்று ஒழுங்காக வருகிறது, மற்றொன்று இழுபறியில் வருகிறது. பலன் மாறிவிடுகிறது.

எட்டாத இடங்கள்

இவ்வளவும் நடந்த மாவட்டத்தில் வறுமை ஒழிந்துவிட்டதா? நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் கணக்குப்படி 2015-16ல் தமிழக மக்களில் 4.76 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். 2019-21ல் அது 2.20 சதவீதமாகக் குறைந்தது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் 2025ல் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் சட்டவிரோதமாக வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. தறிக்காரரிடம் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் தலைமுறையாகக் கடனில் கிடக்கும் குடும்பங்கள் இவை. ரேஷன் அரிசி இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, பொங்கல் சேலை இருக்கிறது. ஆனாலும் வட்டிக்காரனிடமிருந்து மீள வழியில்லை. வயிற்றுப் பசியைத் தீர்த்த அரசு செலவு, கடனைத் தொடவில்லை.

மற்ற குறைகளும் உண்டு. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். வறுமையைக் குறைக்க வந்த திட்டம், தன் ஊழியர்களையே குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கிறது. முட்டைக் கொள்முதல் மாநில அளவிலான டெண்டர் ஆன பிறகு சிறிய பண்ணைக்காரர் நேரடியாக விற்க முடியாது, பெரிய ஒப்பந்ததாரர் மூலம்தான். பண்ணைகளில் கூலி வேலையின் பெரும்பகுதியை வட மாநிலத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். நாமக்கல்லில் விழும் அரசு ரூபாய் ஒன்றில் ஒரு பங்கு பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போகிறது. அதில் தவறில்லை, அங்கேயும் ஓர் அடுப்பு எரிகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

கடைசியாக ஒரு கேள்வி. செலவு செய்யும் பணம் யாருடையது? இதற்கும் இந்த மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ல் காந்தி ஆசிரமம் தொடங்கி மதுவிலக்குப் பிரசாரம் செய்தவர் ராஜாஜி. அவர் சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். கூலிக்காரர் வீட்டில் காசு மிஞ்சியது. அதே சமயம் கள் இறக்கியவர்கள் தொழிலை இழந்தார்கள், அரசு வருமானத்தை இழந்தது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரியை ராஜாஜி அரசு கொண்டு வந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. பின்னாளில் மாநிலத்தின் முதுகெலும்பே அந்த வரி ஆனது. சத்துணவுக்கான பணத்துக்கும் அதுவே அடிப்படை.

1971ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. இடையில் மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24ல் மது விற்பனை மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கூலி வாங்கிய அப்பா மாலையில் கடையில் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, மறுநாள் மதியம் பிள்ளையின் தட்டுக்கு முட்டையாக வருகிறது. ஒரே வீட்டின் ஒரு பையில் எடுத்து மறு பையில் போட்டால் அந்த வீடு எவ்வளவு தூரம் முன்னேறும்?

முடிவாக

1877ல் அரசு கொடுத்த கூலி உயிர் வாழப் போதவில்லை. அணையிலும் ஆலையிலும் கொட்டிய பணம் நாட்டுக்குப் பயன்பட்டது, பக்கத்துக் கூலிக்காரருக்கு மெதுவாகத்தான் எட்டியது. சத்துணவு என்ற சின்னச் செலவு, நாள்தோறும் நடந்ததால் பிள்ளைக்குச் சோறு, பெண்ணுக்கு வேலை, பண்ணைக்குச் சந்தை என்று மூன்று இடத்தில் வேலை செய்தது. ஆகவே ஒரு திட்டத்தைப் பார்க்கும்போது எத்தனை கோடி என்று மட்டும் கேட்கக் கூடாது. பணம் முதலில் யார் கையில் விழுகிறது? சொன்ன நாளில் விழுகிறதா? யாருடைய பையிலிருந்து எடுத்தது? இந்த மூன்றையும் கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமானாலும், இனி வரப்போகும் எந்தத் திட்டமானாலும், அதை நிறுத்துப் பார்க்க நாமக்கல் தரும் தராசு இதுதான்.